முறைத்தண்ணீர்

அண்ணன் மாசிலாமணி
பையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கினான்.
கழுத்து நரம்பில் நுழைந்தவன்
யாரிடமும் வழி கேட்காமல்
என் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டான்.

இன்னும் எதுவாகவும் ஆகாத செல் என்றார் டாக்டர் பர்வீன்,
தாளில் கிளை கிளையாகக் கோடிழுத்து.
சிவப்பணு, தட்டணு, கிருமியைத் தின்பது.
ஒரு கிளையில் திரும்பிவிட்டால்
மறு கிளை கிடையாதாம்.

தெரியும் டாக்டர்.
வெண்ணாற்றில் திரும்பிய தண்ணீர்
பாமணியாகும், கோரையாறாகும்,
குடமுருட்டி ஆகாது.
எங்களுடையது பாமணி. அதிலும் கடைமடை.

மேல் வயல் அவனுடையது.
ஏழு வருஷமாக என் வாய்க்கால் தலைப்பில்
மண் அடைத்த உர மூட்டை.
கோர்ட்டுத் தாளில் அவன் பெயருக்கு எதிரே என் பெயர்.
ஆஸ்பத்திரித் தாளில் பத்துக்குப் பத்து பொருத்தம்.

பதினாறாம் நாள் தட்டணு ஏறியது.
சில மாதத்தில் ரத்த வகையே மாறிற்று,
பி போய் ஓ.
கொசுவுக்கு இனி நான் மாசிலாமணிதான்.

இரவு எட்டுக்குப் போன்.
"கவுண்ட் எவ்வளவு?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல்.
"மேட்டூர் திறந்துட்டாங்க" என்றான்.
மூட்டையைப் பற்றி
அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.