பிரிவு ஏழு

மாங்குளம் சந்தியில்
முல்லைத்தீவு பஸ் திரும்பும் வளைவில் என் கடை.
ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு லமினேட்டர்,
கால் ஆடுகிற ஒரு கதிரை.
சுவரில் நானே எழுதி ஒட்டியது:
முழுப் புத்தகம் கொப்பி அடிக்கப்படாது.

அதனால்தான்
அத்தியாயம் அத்தியாயமாக வருகிறார்கள்.
திங்கள் கஜரதன், நீரிறைக்கும் இயந்திரம்,
ஒன்றிலிருந்து நாற்பது.
செவ்வாய் வினுசியா, நாற்பத்தொன்றிலிருந்து.
புதன்கிழமை பெயர் சொல்லாத ஒரு தம்பி,
ஹெல்மெற்றைக் கழற்றாமலே, மிச்சம்.
எனக்கு எண்ணத் தெரியும்.
கூட்டத் தெரியாதவள் போல இருக்கிறேன்.

புத்தகம் நாலாயிரத்து எண்ணூறு ரூபா.
கொழும்பில் கிடைக்குமாம்.
அதில் வருகிற பம்
பனி உறையும் கிணற்றிலிருந்து தண்ணீர் இழுக்கிறது.
குழாய்க்குள் தண்ணீர் உறைந்தால்
என்ன செய்வதென்று ஆறு பக்கம்.
உவர் தின்றால் என்ன செய்வதென்று
ஒரு வரி இல்லை.
அந்த ஆறு பக்கத்துக்கும்
பக்கம் பன்னிரண்டு ரூபாப்படி
நான் காசு வாங்கியிருக்கிறேன்.

நேற்று மத்தியானம்
மாகாணக் கந்தோரிலிருந்து பரஞ்சோதி வந்தார்.
கந்தோர் மெஷினில் ரோனர் முடிந்துவிட்டதாம்.
இரண்டு மணிக்குத் தொழில்நுட்பக் கல்லூரியில் கூட்டம்.
முப்பத்தொரு பக்கம், இருபது பிரதி:
திறந்த கற்றல் வளங்கள், நியதிச்சட்ட வரைபு.

வாசிக்காமல் அடிப்பதுதான் தொழில் மரியாதை.
மெஷின் சூடேறும் வரை
இதை மட்டும் வாசித்தேன்.

பிரிவு ஏழு.
பொதுப் பணத்தில் ஆக்கப்பட்ட பாடநூலை
எவரும் பிரதிபண்ணலாம், திருந்தலாம், பகிரலாம்.
அதன்பொருட்டு
எவரிடமும் அனுமதி கேட்கவேண்டியதில்லை.

வேண்டியதில்லை.
இதே றோட்டில்
பற்றரிக்கும் சவர்க்காரத்துக்கும்
அனுமதி கேட்டு நின்ற கால்கள் எனக்கு.
அந்தச் சொல்லின் மேல்
கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தேன்.
பிறகுதான் மற்றது கண்ணில் பட்டது.

"ஐயா, திருந்தலாம் எண்டு கிடக்கு.
திருத்தலாம் எண்டெல்லோ வரவேணும்?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.
"ஓம். பிழைதான்."

ஒரு எழுத்து.
பேனை என் காதில் இருந்தது.
"வேண்டாம் பிள்ளை, இது வரைபு.
கை வைக்கிறதெண்டால்
மேலிடத்தில கேக்கவேணும்."

சிரிக்கவில்லை அவர். நானும்.
மெஷின் பச்சை காட்டியது.
இருபது தடவை
எவரும் திருந்தலாம், எவரும் திருந்தலாம் என்று
சூடாக வந்து விழுந்தது தாள்.
ஏழாயிரத்து நானூற்று நாற்பது.
பற்றுச்சீட்டுக் கேட்டார்.

கசங்கி வந்த ஒரு பக்கத்தை
எறிய மனமில்லை.
பின்னேரம் கஜரதன் அதை எடுத்து வாசித்தான்.
"அக்கா, சட்டம் வந்தால் புத்தகம் போனிலயே சும்மா வரும்.
உங்கட கடை என்னாகும்?"

அவன் போனைப் பார்த்தேன்.
குறுக்கே வெடித்த கண்ணாடி.
அதற்குள் ஒரு சுற்றுப்படம்.
எது கம்பி, எது கீறல்?
"முதல்ல இதைச் சொல்லு" என்றேன்.

இரவு படுத்த பிறகு
அவன் கேட்டதுதான் திரும்பி வந்தது.
மெஷினுக்கு இன்னும் பதினெட்டு மாதக் கட்டுக்காசு.

இன்றைக்கு அவன் மறுபடி வந்தான்.
பனி உறையும் ஆறு பக்கத்தையும்
குறுக்காக வெட்டியிருந்தான்.
கொப்பித்தாள் ஒன்றில் தன் கையெழுத்தில்:
உவர்க் கிணறு. வால்வை மாதம் ஒருக்கால் கழற்று.
இரும்பு ஆணி போடாதே, பித்தளை போடு.
மாரியில் கலங்கல் வந்தால் அடிக்குழாயை
இரண்டு அடி உயர்த்து.
"வகுப்பில பதினாலு பேர், அக்கா."

சுவரில் என் அறிவித்தல் அப்படியே இருக்கிறது.
பக்கத்தில் கசங்கிய பிரிவு ஏழு.
இன்னும் சட்டமாகவில்லை,
ஆனாலும் ஒட்டினேன்.
ந்-ஐ வெட்டி த் போட்டேன்,
ஒருவரையும் கேட்காமல்.

பதினாலு பிரதி அடித்தேன்.
காசு வாங்கவில்லை
என்று எழுத ஆசைதான்.
வாங்கினேன்.
பக்கம் ஆறு ரூபா.