புகையாத நெருப்பு

பதினோரு வருடம் கையால் பற்றவைத்தவன் நான்.
முகமூடி நழுவிய நாளில்
கண்ணுக்குள் மிளகாய்ப்பொடி,
இமைமேல் உருளைக்கிழங்குச் சீவல்,
சட்டைக் கழுத்தெல்லாம் பொறி தின்ற பொத்தல்.
பெண் பார்க்கப் போனபோது அந்தப் பொத்தலைத்தான்
தில்லைநாயகி முதலில் பார்த்தாளாம்.

இப்போது சட்டை முழுசாய் வீடு திரும்புகிறது.
"அங்கே என்னதான் செய்கிறாய்?" என்கிறாள்.

சிப்காட்டில், உப்பனாற்றுப் பக்கம், மூன்றாவது ஷெட்.
லாரி நுழையும் அகலத்தில் ஓர் இரும்பு உருளை
ரோலர்மேல் படுத்துச் சுழலும்,
நிமிஷத்துக்கு ஒரு முழம்.
இயந்திரம் நின்ற இடத்தில் நிற்கும்,
இணைப்புதான் அதன் கீழே நகர்ந்து வரவேண்டும்.
கூம்பிலிருந்து ஃப்ளக்ஸ் கொட்டும்,
சாம்பல் நிறக் குருணை.
செம்பு பூசிய கம்பி, நாலு மில்லி,
சுருள் பிரிந்து அதற்குள் இறங்கும்.
அறுநூறு ஆம்பியர்.
அவ்வளவுதான். ஒன்றும் தெரியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாதாம்.
நாங்கள் வெயிலின் ஒரு துண்டை
இரண்டு விரற்கடைக் குருணையில் மறைக்கிறோம்.
நெருப்பில்லாமல் புகையாது, சரி.
புகையாமல் எரியும் என்று
எவனும் பழமொழி சொல்லி வைக்கவில்லை.

உறுமல் மட்டும் கேட்கும்,
பக்கத்து வீட்டில் கிரைண்டர் ஓடுவதுபோல.
சத்தம் கட்டினால் கம்பி முட்டப் பார்க்கிறது.
படபடத்தால் குருணை குறைச்சல்:
ஒரு நொடி நீலக்கண் திறக்கும்,
அள்ளிப் போட்டதும் மூடிக்கொள்ளும்.
காது, மானியின் முள், இரண்டும்தான் துணை.
கண்ணுக்கு வேலை அப்புறம்.

பின்னால் ஹாஜா மைதீன் உறிஞ்சுகுழாயோடு வருவான்.
உருகாததை வாரிச் சலித்து மறுபடி கூம்புக்கு.
உருகியது கறுத்த ஓடாகும்,
ஆறும்போது தானே முறுக்கிக்கொண்டு கழன்று விழும்.
அடியில் செதில் செதிலாய்ப் பளபளக்கும் தையல்.
நல்ல நாளில்.

ஐப்பசியில் ஒருநாள்.
மூன்று நாளாய் மழை, கடலைச் சுமந்து வரும் காற்று.
ராத்திரி ஷிப்டில் கரண்ட் போய் நாலு மணி நேரம் கழித்து வந்தது.
குருணை காயும் அடுப்பு ஆறிக் கிடந்தது.
காய்ச்சாமல் போடக்கூடாது.
ஒரு மூட்டைதானே என்று போட்டேன்.
நான்தான்.

ஓடு அழகாய்க் கழன்றது.
தையலும் அழகாய்த்தான் இருந்தது.
விடிந்ததும் இன்பவல்லி எக்ஸ்ரே ஃபிலிமை
விளக்குக்கு நேரே பிடித்தாள்.
வெளுத்த கோட்டுக்குள்
யாரோ கடுகு சிந்தியிருந்தார்கள்.
"ஈரம்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

நாலடி நீளத்தைக் கார்பன் கம்பியால் தோண்டி எடுத்தேன்.
அன்றைக்குப் புகை, பொறி, இரைச்சல் எல்லாம்
வேண்டிய மட்டும் கிடைத்தன.
வீட்டில் தில்லை
புதுப் பொத்தலுக்குள் விரல் விட்டுப் பார்த்தாள்,
ஊருக்குப் போயிருந்தவன் திரும்பி வந்ததுபோல.

இந்த மெஷினுக்குச் சுவரேறத் தெரியாது,
கூரையைத் தொடத் தெரியாது.
சாய்ந்தால் குருணை வழிந்துவிடும்.
தடித்த தகடு, நீண்ட கோடு,
மல்லாந்து கிடக்கும் வேலை: அதுதான் அதற்கு.
காற்றாலைத் தூண் போயிருக்கிறது இங்கிருந்து,
கப்பலுக்கு அடித்தட்டு,
நெய்வேலி சாலையில் இரண்டு கொதிகலன்.

ஆனால் அந்த உருளை தூரம் போகவில்லை.
டிரெய்லரில் ஏறி, ரயில்வே கேட் தாண்டி,
எங்கள் தெருவுக்குப் பின்சுவரில் நின்றுவிட்டது.
உள்ளே என்ன நிரப்பினார்கள் என்று
என்னிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை அவர்களுக்கு.

காற்று திரும்பும் ராத்திரிகளில்
தில்லை ஜன்னலைச் சாத்திக்கொண்டே கேட்கிறாள்:
"இந்த வாடை எங்கிருந்து?"
வேறு கம்பெனி, என்கிறேன்.
அந்த நாலடிக்கு மட்டும்
இரண்டு தடவை ஃபிலிம் எடுத்தோம்.
இரண்டிலும் கடுகில்லை.
எழுந்து போய், சாத்திய ஜன்னலை
இன்னொரு தடவை அழுத்திப் பார்க்கிறேன்.