பதினேழாம் எலி

இரவு முழுக்கப் பட்டினி. தண்ணீர் மட்டும்.
கூட்டின் அட்டையில் நான்தான் எழுதினேன்,
மூன்று மொழியிலும், சிவப்பு மையில்.

காலை ஏழரைக்குக் கின்சி வீதியில்
கணுக்கால் வரை மழை.
பொரளைச் சந்தியில் காஸ் சிலிண்டர்களைச்
சங்கிலியால் பிணைத்துப் போட்டுவிட்டு
ஆட்கள் கடைக்கூரைக்குள் ஒதுங்கிவிட்டார்கள்.
சிலிண்டர்கள் மட்டும் வரிசை தவறாமல் நனைந்தன.

ஆய்வுகூடத்தில் எனக்கொரு சிலிண்டர் உண்டு.
சோறு வேகாத காற்று.
செத்த குடலொன்றை இரண்டு மணித்தியாலம்
சேதி சொல்லாமல் வைத்திருக்கும் ஒட்சிசன்.

எலி தூங்கிவிடும். பிறகு எழும்பாது.
(நான் இதைச் சொல்லும் விதம் எனக்குத் தெரியும்:
வினைச்சொல்லை எலியிடமே விட்டுவிடுகிறேன்.)

சிறுகுடலில் பத்துச் சென்ரிமீற்றர்.
குளிர்ந்த உப்புநீரில் அலசி
கண்ணாடிக் கோலில் ஏற்றி
நனைந்த சட்டைக் கையைக் கழற்றுவதுபோல
உள்ளே வெளியாகப் புரட்டவேண்டும்.
நகம் பட்டால் போச்சு.
இத்தனை நாளும் இருட்டையே பார்த்திருந்த பக்கம்
வெல்வெற்றாய் மினுங்கியபடி
யன்னலைப் பார்க்கும்.
பட்டுநூலால் இரு முனையும் கட்டினால்
ஒரு பை, சுண்டுவிரல் அளவு.
மருந்து வெளியே, முப்பத்தேழு பாகையில்.
கால்மணிக்கொருதரம் உள்ளிருந்து ஒரு துளி:
எவ்வளவு கடந்தது?

உள்ளே எடுத்ததைத் திருப்பி வெளியே தள்ளும்
புரதமொன்று அந்தச் சுவரில் இருக்கிறது.
சோதனைச்சாவடி என்று ஒருமுறை விரிவுரையில் சொன்னேன்.
யாரும் சிரிக்கவில்லை.
குறிப்பும் எடுக்கவில்லை.

பதினேழைத் திறந்தபோது
குடல் வெறுமையாய் இல்லை.
வெள்ளைப் பசை, மாவு நாற்றம்.
திரும்பிப்போய்க் கூட்டைப் பார்த்தேன்.
மரத்தூளுக்குள் சீனி மணிகள்
கண்ணாடித் தூள்போல.

நந்தசிறி கடுவெலையிலிருந்து
சைக்கிளில் வருகிறவர்.
எலிகளுக்குத் தூள் மாற்றுவது, எடை எடுப்பது அவர் வேலை.
நான் சிங்களத்தில் கேட்டேன்.
அவர் தமிழில் சொன்னார்:
"பசி, மிஸ்."
யாருக்கு என்று சொல்லவில்லை.
கிம்புலா பனிஸ். அரைவாசி அவர், அரைவாசி அது.

கோபம் வந்தது உண்மை.
ஒரு எலியின் விலை, ஒரு நாள், நல்ல நூல்.
படிவத்தில் "விலக்கப்பட்டது" என்று எழுதி
"காரணம்" என்ற பெட்டிக்கு முன்னால்
பேனை நின்றது.

போன கிழமை கொட்டாஞ்சேனை மருந்துக்கடையில்
எனக்கு முன்னால் நின்றவள்
உறையை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தாள்.
சாப்பாட்டுக்குப் பின். மூன்று வேளை.
"ஒருக்காத்தானே தம்பி சாப்பிடுறம்,
மற்ற ரெண்டு குளிசையையும் என்ன செய்ய?"
பொடியன் மீதிக் காசை
இரண்டு தரம் எண்ணினான்.

என்னிடம் பதினாறு எலிகளின் விடை இருந்தது.
எல்லாம் பட்டினி நிலை.
சாப்பிட்ட நிலைக்கு நான் நிரல் போடவில்லை,
அனுமதியும் கேட்கவில்லை.
பசி, என் கணக்கில்,
குழப்பங்களை அகற்றும் ஒரு வசதி.

பதினேழை அலசினேன். புரட்டினேன். கட்டினேன்.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
தொட்டி குளிரத் தொடங்கியது,
முப்பத்தாறு, முப்பத்தைந்தரை.
நந்தசிறி தன் தேத்தண்ணிப் போத்தலோடு வந்தார்.
தேயிலை இன்னும் போடவில்லை, வெறும் சுடுநீர்.
நான் வெப்பமானியைப் பார்த்து
"போதும்" என்று சொல்லும்வரை
கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.
இருட்டில் குமிழிகள் மட்டும் கேட்டன.

எட்டுத் துளிகள். எட்டு எண்கள்.
ஒரு எலியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது,
சொல்லவும் மாட்டேன்.

திங்கட்கிழமை நெறிமுறைக் குழுவுக்கு
விண்ணப்பம் போகவேண்டும்.
உணவு: வகை, அளவு, கொடுப்பவர்
என்று மூன்று கோடுகள் இருக்கின்றன.
முதலிரண்டையும் நிரப்பிவிட்டேன்.
பனிஸ். அரை.