டிரைவரை மாத்தணும்

போனஸ் வந்த மறுநாள்
ஐந்து ரோட்டுக் கடையில் வாங்கினேன்,
இரண்டு விசிறி வைத்த கறுப்புக் கார்டு.
செங்கல் கனம்.
மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்தேன்.
"ஸ்டாஃப்" என்றேன். கண்டக்டர் பெட்டியைப் பார்த்து,
"கேக்கா சார்?" என்றார்.

பழைய கார்டில் நாற்பத்தி நாலு பிரேம்.
புதியதில் நாற்பத்தி ஆறு.
இருபத்தேழாயிரம் ரூபாய்க்கு
இரண்டு.
வகுத்துப் பார்த்தேன்.
வகுத்திருக்கக் கூடாது.

கடைக்கார முஸ்தகீமுக்குப் போன் போட்டேன்.
"டிரைவர்தாண்ணே பிரச்சனை.
பழைய டிரைவரைச் சுத்தமாத் தூக்கிட்டு
புதுசாப் போடுங்க."
பத்தொன்பது வருஷமாக ஏற்காடு ரூட்டில்
ஸ்டீயரிங் பிடிக்கிறவனிடம்
இதை இவ்வளவு மரியாதையாக
யாரும் சொன்னதில்லை.

தூக்கினேன். போட்டேன்.
நாற்பத்தி ஆறு.

ஞாயிற்றுக்கிழமை கேபினட்டைத் திறந்து
பெயின்ட் பிரஷால் தூசி தட்டினேன்.
பவர் ஒயரைப் பிடுங்கிச் செருகினேன்.
மெமரிக் குச்சி இரண்டும்
ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருந்தன,
ஒரு சீட்டுத் தள்ளி உட்கார வேண்டியவை.
எழுப்பி மாற்றி உட்கார வைத்தேன்.
ஐம்பத்தி ஒன்று!
ஐந்து பிரேம், காசில்லாமல்.
அன்று இரவு பூங்கோதையிடம் சொன்னேன்.
"பகலெல்லாம் ஓட்டினது போதலையா?"
என்று திரும்பிப் படுத்தாள்.

அடிவாரம் டீக்கடையில்
என் கண்டக்டர் சுகவனம் சொன்னான்:
"புல்லு, நிழலு, தண்ணி,
எல்லாத்தையும் கீழ இறக்கிப் பாருண்ணே."
இறக்கினேன். மரங்கள் அட்டையாகிவிட்டன.
ஐம்பத்தி ஒன்று.
கோபத்தில் எல்லாவற்றையும் உச்சியில் ஏற்றினேன்.
இலை நுனியில் பனித்துளி வந்தது.
ஐம்பத்தி ஒன்று.

திரையின் மூலையில் கணக்கைத் திறந்து வைத்தேன்.
புது கார்டு: பாதி வேலைகூட இல்லை, கை கட்டி நிற்கிறது.
பழைய பிராசஸர்: நூறு.
நூறு. நூறு. தொண்ணூற்றி ஒன்பது. நூறு.
அர்த்தம் புரியாமலே தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை, இரண்டாம் நடை.
அறுபத்தி மூன்று டிக்கெட்,
கூரையில் பலசரக்கு மூட்டைகள்.
பதினோராவது கொண்டை ஊசியில் ஃபர்ஸ்ட் கியர்.
பின்னால் ஒரு வெள்ளைக் கார்,
வாங்கி ஒரு மாதம் ஆகியிருக்காது,
கண்ணாடியில் இன்னும் பூமாலை.
ஹாரன். ஹாரன்.
நூற்றி எண்பது போகிற கார்
என் பின்னால் பன்னிரண்டில் வருகிறது.
அவனுக்கு என் கிளட்சின் வயசு தெரியாது.
கூரை மூட்டை தெரியாது. அவன் பார்ப்பது
என் பின்பக்கத்துப் புகையை மட்டும்.
வளைவில் ஒதுங்க இடமில்லை.
வளைவில் நான்தான் ரோடு.

கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்த்தேன்.
அடப்பாவி,
ஒரு வாரமாக இப்படித்தானே
அந்தக் கேபினட் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

பதினாலாவது வளைவில் இடம் கிடைத்ததும்
ஒதுங்கிக் கை காட்டினேன்.
நன்றி எதுவும் சொல்லவில்லை, பறந்துவிட்டான்.

புது பிராசஸர் என்றால் புது போர்டு,
புது போர்டு என்றால் புது மெமரி,
முஸ்தகீம் போனில் கணக்குச் சொல்கிறான்.
இன்னொரு போனஸ். பார்க்கலாம்டா என்று வைத்தேன்.

ராத்திரி கேபினட் மேல் கை வைத்தேன்.
எட்டு வருஷத்துச் சூடு.
எது செய்தாலும் ஐம்பத்தி ஒன்றுதான்;
அப்புறம் ஏன் அட்டை மரம்?
எல்லாவற்றையும் உச்சியில் ஏற்றினேன்.
பனி இறங்கும் மலைப்பாதை.
ரேஸில் எல்லாரும் போய்விட்டார்கள்.
நான் நாற்பதில் போனேன்,
பாறையில் பாசி வரை தெரிந்தது.

தண்ணி குடிக்க எழுந்த பூங்கோதை
கொஞ்ச நேரம் நின்றாள்.
"வீட்லயும் மலைதானா?"
"இங்க ஹாரன் அடிக்க ஆளில்ல" என்றேன்.

சொல்லி முடிக்கவில்லை.
என்னை ஒரு சுற்று முந்திவிட்ட
சிவப்புக் கார் ஒன்று
பின்னால் வந்து நின்று
அடிக்கிறது.