பாரம்

ஊர் முழங்காவில்.
பேரிலாவது அரை முழங்கால் இருக்கிறது என்று
பகிடி விடுவேன், ஆரும் பாவம் பார்க்க வெளிக்கிட முதல்.
இடது கால் தொடையோடு முடிந்து பதினாலு வருசம்.
கமக்கட்டில் ஒரு தடி, அது போதும் என்றிருந்தேன்.
கிணற்றில் அள்ளினேன். மரமுந்திரிகை பொறுக்கினேன்.
'உன்ரை மனத்தைரியம்' என்றார்கள்.
அந்தச் சொல்லை
நன்மை வாங்குமாப்போல நாக்கை நீட்டி வாங்கினேன்.

பரிசுத்தத்துக்கும் அதே தடிதான்.
தவக்காலம் தொடங்க ஒரு சீ.ஆர். கொப்பி வாங்குவேன்.
கோபம், புறணி, தவறவிட்ட செபமாலை
எல்லாத்துக்கும் கோடு கிழித்துக் கணக்கு.
மிளகாய்க் கன்றுக்கு உரம் போடுமாப்போல
எனக்கு நானே போட்டேன். வளர்ந்தேன்தான்.
கோபம்கூட ஒரு பங்குனி முழுக்க நாலே கோடு.

எமில்டாவின் பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது.

எமில்டா, என் தமையன் பெண்சாதி.
மாத்தளனில், தறப்பாளுக்குக் கீழே,
பால்மாப் பைக்கற்றை மண்ணுக்குள் தாட்டு வைத்துவிட்டு
'இல்லை மச்சாள்' என்றவள்.
என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது.
பிழைத்துவிட்டாள். இந்த வருசம் ஓ.எல்.
ஆனாலும்.

ஒவ்வொரு பெரிய வெள்ளிக்கும் முதல்நாள்
மன்னித்துவிட்டேன் என்று பேனையால் எழுதுவேன்.
உயிர்ப்பு ஞாயிறு அவள் வெள்ளைச் சேலையில் வந்து
முன்வாங்கில் இருப்பாள்.
எனக்குப் பால்மா மணக்கும்.
பிறகென்ன, கோடு.

தோள்மூட்டு தேய்ந்துபோச்சென்று
டொக்டர் தடியைப் பறித்த பிறகுதான்
மன்னாருக்கு பஸ் ஏறினேன்.
கால் செய்கிற இடம்.
இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, அந்தத்தில் ஒரு கண்ணாடி.
புதுக்காலைப் பூட்டிவிட்டு, றிஸ்னி என்ற பொடியன்
'நடங்க' என்றான்.
அந்தம்வரை போய்த் திரும்பினேன்.
கைதட்டுவான் என்று பார்த்தேன்.

'அக்கா, நீங்க கால்ல நடக்கல்ல. கையால நடக்கிறீங்க.'

குனிந்து பார்த்தேன்.
கம்பியைப் பிடித்த விரலெல்லாம் வெளுத்திருந்தது.
கால் சும்மா தொங்கிக்கொண்டு வந்திருக்கிறது
திருநாளுக்குக் கட்டிய தோரணம்போல.

'பாரத்தப் போடுங்க. போட்டாத்தான் அது தாங்கும்.'
'தாங்காட்டி?'
'போடாம எப்படித் தெரியும்?'

அவன் காலைத்தான் சொன்னான்.

பாரத்தை இறக்கி வையுங்கோ என்று
பாதர் சொல்லாத ஞாயிறு இல்லை.
இறக்கி வைப்பதென்றால்
எங்கோ ஓரமாய்ப் போட்டுவிட்டு
கைவீசிப் போவதென்றுதான் இவ்வளவு காலமும் விளங்கியிருந்தேன்.
சாய்வதென்று விளங்கவில்லை.
விழுந்தால் விழட்டும் என்று
இந்த ஐம்பத்தாறு கிலோவையும் உம்மேல் விடுவதென்று.

ஆண்டவரே, உம்மையும் நான் பூட்டித்தான் வைத்திருந்தேன்,
வார் இறுக்கி, நாலுபேர் காண,
கம்பியிலிருந்து கையை எடுக்காமல்.

ஒரு கையை எடுத்தேன்.
மற்றதை எடுக்கப் பின்னேரமாகிவிட்டது.

கொப்பியைக் கிழிக்கவில்லை, பொய் சொல்லக்கூடாது.
மிச்சத் தாளில் மகள் கணக்குச் செய்து பார்க்கிறாள்.

வைகாசியில் ஒருநாள் எமில்டாவின் படலைக்குப் போனேன்.
மன்னிப்பு ஒன்றும் கொண்டுபோகவில்லை.
என்னிடம் இல்லை, எல்லா இடமும் தேடிவிட்டேன்.
நீர் தந்தால் குடுக்கிறேன்,
தராட்டால் தண்ணி கேட்டுக் குடித்துவிட்டு வாறேன் என்று
ஒழுங்கை நெடுகச் சொல்லிக்கொண்டே போனேன்.

நாய் குரைத்தது. வந்தாள். காலைப் பார்த்தாள்.
'நோகுதோ மச்சாள்?'
'நோகுது' என்றேன்.
பதினாலு வருசத்தில் அவளுக்கு நான் சொன்ன முதல் உண்மை.

செம்பில் தண்ணி கொண்டுவந்தாள்.
வாங்குவதற்கு இரண்டு கையையும் நீட்டினேன்,
பிடிக்க ஒன்றுமில்லாமல்
நின்றுகொண்டு.