ஏதேனும்

கிர்க்வால் துறைமுகத்தில் காற்று தென்மேற்கிலிருந்து அடித்தால்
என் மேசைக்கு ஒரே ஒரு வேலைதான்:
பலகையில் அந்த வரியை ஏற்றுவது.
'வீ ரெக்ரெட் எனி இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்.'
பதினோரு வருடமாக ஏற்றுகிறேன்.
சாண்ட்விச்சை ஒரு கையில் பிடித்தபடியே தட்டச்சிடுவேன்.
விரலுக்கு வலிக்காத வாக்கியம்.

பிப்ரவரியில் ஒரு கடிதம் வந்தது. எங்கள் கடிதம்தான்,
திரும்பி வந்திருந்தது.
அனுப்பியவர் ஆர்ச்சி ஃப்ளெட், வெஸ்ட்ரே தீவு,
செம்மறி வளர்ப்பவர்.
'ஏதேனும் அசௌகரியம்' என்றதில்
'ஏதேனும்' பென்சிலால் அடிக்கப்பட்டிருந்தது.
மேலே, சிறிய எழுத்தில்:
ஏதேனும் இல்லை. ஒன்று.
செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணி,
என் தங்கையின் அடக்கம்.
'காஸ்ட்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம்.
ஓரத்தில்: யாரால்?

காற்றால் என்றால் நாங்கள் எதற்கு வருந்துகிறோம்?
எங்களால் என்றால் ஏன் சொல்லவில்லை?
அன்றுதான் கவனித்தேன்,
அந்த வரியில் வருந்துவதற்கு ஆள் இருக்கிறது,
செய்ததற்கு ஆள் இல்லை.

எல்லோரும் போன பிறகு எழுதிப் பார்த்தேன்.
'சிரமத்துக்கு வருந்துகிறோம்.'
சிரமம் என்பது மாடிப்படி.
'தடங்கலுக்கு வருந்துகிறோம்.'
அது டிவி நின்றுபோனால் சொல்வது.
'உங்கள் பொறுமைக்கு நன்றி.'
அவர் பொறுமையாக இருந்தார் என்று எனக்கு யார் சொன்னது?
தாளைத் திருப்பிப் போட்டு,
'சாரி'
என்று மட்டும் எழுதினேன். சின்னப் பையன்
ஜன்னலை உடைத்துவிட்டு நிற்பதுபோல் நின்றது.

மறுநாள் சட்டப் பிரிவு கிரெய்கி
அந்தத் தாளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.
"இங்கா, இது ஒப்புதல் வாக்குமூலம்.
வருந்தலாம். மன்னிப்பு கேட்கக் கூடாது."
இரண்டுக்கும் நடுவே எத்தனை பவுண்டு என்று
அவருக்குத்தான் தெரியும்.

மார்ச்சில் மறுபடியும் காற்று.
பலகையைத் தொடவில்லை. மைக்கை எடுத்தேன்.
"கப்பல் போகாது.
நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது,
எங்களுக்குத் தெரியும்.
சாரி. அடுத்தது நாளைக் காலை ஆறேகால்."
மாட்டு லாரிக்காரர் என்ஜினை அணைத்தார்.
யாரோ ஃபிளாஸ்க்கைத் திறந்தார்கள்.
ஒருவரும் என்னைத் திட்டவில்லை,
அதுவே கொஞ்சம் பயமாக இருந்தது.

பிறகு கண்ணாடியில் ஒரு தட்டு.
தொப்பியில் உப்பு காய்ந்திருந்தது.
பெயரைச் சொல்லவில்லை, பையிலிருந்த
பென்சிலைப் பார்த்தே புரிந்துகொண்டேன்.
"முன்னைக்கு இது தேவலை," என்றார்.
"அந்தத் 'தெரியும்' மட்டும் வேண்டாம்.
உனக்குத் தெரியாது."

எடுத்துவிட்டேன்.

இப்போது பலகையில் இருப்பது:
கப்பல் போகாது. சாரி. நாளை ஆறேகால்.
கீழே மூன்று வரிக்கு இடம் காலி.
அங்கே ஏதேனும் போடலாமே என்று
கிரெய்கி வாரம் ஒருமுறை கேட்கிறார்.