கால் கிலோ நேரம்

கருங்கல் பக்கம் அண்டியாபீசில்
வறுக்கிற டிரம் துப்பிய எண்ணெய்
ஹெலன்பாயின் கையில், முழங்கை வரை.

பேஸ்டோடு ஓடிவந்தாள் ஒருத்தி.
இன்னொருத்தி தோசைமாவு.
“ஒண்ணும் தேய்க்காத பிள்ளே” என்று கத்தி
குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

வளையல்கள் எளிதாக வந்தன.
மோதிரம்தான்.
வீங்குவதற்குள் கழற்ற வேண்டும்.
சோப்புநுரையில் திருகித் திருகி எடுத்து
வைக்க இடமின்றிப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

இருபது நிமிடம் தண்ணீர் ஓட வேண்டும்.
அங்கே கடிகாரம் கிடையாது,
கால் கிலோ பருப்புக்குத் தொலி உரிக்கிற நேரம்
என்று விரல்களுக்குத் தெரியும்.

“டேங்க் தீரப் போவுது, கேட்டியளா”
என்றார் சூப்பர்வைசர்.
தீர்ந்தது.
குடிக்கக் கொண்டுவந்த பாட்டில்கள்
கைமாறிக் கைமாறி வந்தன.
சீரகம் போட்டதைத் தள்ளிவைத்து
வெறுந்தண்ணீரை மட்டும் சரித்தோம், மெல்ல.

கொப்புளத்தை யாரும் தொடவில்லை.
சபைக்கு உடுக்க ஜாய்ஸ் மடித்துவைத்திருந்த
வெள்ளைச் சேலை
தளர்வாகச் சுற்றிக்கொண்டது.

தக்கலை தாண்டிவிட்டோம்,
ஆசாரிப்பள்ளம் இன்னும் வரவில்லை.
ஆம்புலன்ஸ் பையன் அவள் பெயரைக் கேட்டான்.
வாய் திறந்தேன்.
மோதிரம் மடியில் விழுந்தது.

“அக்கா, உங்க உதட்டிலயும்
எண்ணெய் பட்டிருக்கு” என்றான்.